கைத்தட்டலிலும் அறம்



உயிர், உயிரல்லது என இரண்டாகப் பகுத்துப் பொருள்களை அறியச் சொல்வது ஜினதருமம். மாணவர்களின் ரோபோப் போட்டியைக் காணச் செல்லும் பெற்றோர் இப்பாகுபாட்டை நெஞ்சிற்கொள்ளுதல் வேண்டும். களத்தில் ஓடும் பொறி உயிரற்றது. அது கவிழ்ந்தால் அதற்கு நோவில்லை. அதனை இயக்கி நிற்கும் மாணவனோ உயிருள்ளவன். பொறி கவிழும்போது எழும் கைத்தட்டல் அவன் நெஞ்சில் முள்ளாய்த் தைக்கிறது.

பிறர் வீழ்ச்சியில் மகிழ்வதை ஹிம்சானந்தம் என்றும், அது ரௌத்திர தியானத்தின் ஒரு வகை என்றும் நம் முன்னோர் வகுத்தனர். கையால் ஒருவரையும் தீண்டாமலே, இருக்கையில் அமர்ந்தபடியே, இத்தீவினையை நாம் ஈட்டிவிடக் கூடும்.

அமெரிக்காவில் டீன் கேமன் என்பார் 1989-இல் நிறுவிய 'ஃபர்ஸ்ட்' அமைப்பின் முதற்போட்டி, 1992-இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து மான்செஸ்டர் நகரில், பள்ளி ஒன்றின் உடற்பயிற்சிக் கூடத்தில், 28 அணிகளுடன் நடைபெற்றது. இன்று பல நாட்டு மாணவரும் இதில் பங்கேற்கின்றனர். முழு முயற்சியுடன் போட்டியிட வேண்டும்; அதே வேளையில் எதிரணியை மதித்து அதற்கு உதவவும் வேண்டும் என்னும் நெறியைப் பேராசிரியர் ஊடி ஃபிளவர்ஸ் இப்போட்டிகளில் நிலைபெறச் செய்தார்.

அந்நெறிக்கு ஏற்பவே ஆட்டமும் அமைந்துள்ளது. உயர்நிலைப்பள்ளி மாணவர் போட்டியில் மும்மூன்று அணிகள் கூட்டணியாய் நின்று ஆடும். தகுதிச் சுற்றில் ஆட்டந்தோறும் கூட்டணி மாறும். காலையில் எதிர்நின்றவர் மாலையில் நம் பிள்ளைக்குத் துணைநிற்பவர் ஆகலாம். அவ்வாறிருக்க, யாருடைய தோல்விக்கு நாம் ஆர்ப்பரிப்பது?

தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் நான்கு பாவனைகளை உரைக்கிறது. எல்லா அணிகளையும் நட்புடன் நோக்குதல் மைத்திரி. எதிரணியின் திறமையைக் கண்டும் மனமுவந்து கைத்தட்டுதல் பிரமோதம். பல வாரம் உழைத்துச் செய்த பொறி, கம்பியில்லாத் தொடர்பு அறுந்து ஆட்டத்தின் நடுவே அசைவற்று நிற்கையில், அவ்வணியை ஊக்குவித்துக் குரல் கொடுத்தல் காருண்யம். அருகிருப்பவர் வசைமொழி கூறினால், அவரோடு மல்லுக்கு நில்லாது அமைதி காத்தல் மாத்தியஸ்தம்.

நடுவர் தீர்ப்பில் ஐயம் எழுந்தால், அணியின் மாணவர் ஒருவரே அதற்கென வரையறுத்த இடத்தில் நின்று வினவலாம் என்பது விதி. பெற்றோர் அங்குச் சென்று வாதிடலாகாது. பிள்ளைகள் பணிவுடன் பேசக் கற்கும் இடத்தில், நாம் நாவடக்கம் கற்போமாக.

ஊதல், காற்றொலிப்பான் முதலிய பேரொலிக் கருவிகளுக்கு அங்கு இடமில்லை. வாராதவர்க்காக இருக்கைகளைப் பிடித்துவைத்தலும் கூடாது. தேவைக்கு மேல் பற்றாமை இருக்கைக்கும் பொருந்தும் அன்றோ?

பிறர் குறையை வெளிப்படுத்தாமையாகிய உபகூகனமும், தளர்ந்தவரை நிலைநிறுத்தும் ஸ்திதிகரணமும் நற்காட்சியின் அங்கங்கள். தோற்றுத் திரும்பும் பிள்ளையிடம், "யார் செய்த பிழை?" என்று கேட்பது இவ்விரண்டையும் ஒருங்கே இழப்பதாகும். வென்று திரும்பும் பிள்ளையிடமும், "எத்தனை புள்ளிகள்?" என்று கேட்குமுன், "இன்று எவ்வணிக்கு உதவினாய்?" என்று கேட்போமாக.

அறம் ஓங்குக!