அண்மையும் தெளிவும்

ஒரு பொருளை நன்றாக அறிய வேண்டுமானால் அதன் அருகே செல்ல வேண்டும் என்பது நம் எல்லோருக்கும் பொதுவான நம்பிக்கை. தூரத்தில் நீலத் திரையாகத் தோன்றும் மலை, அடிவாரத்தை அடைந்ததும் பாறையாகவும் மரமாகவும் அருவியாகவும் பிரிந்து தெரிவது இந்த நம்பிக்கைக்குச் சாட்சி சொல்கிறது. ஆகையால் அண்மை வளர வளர அறிவும் வளரும் என்றும், முற்றிலும் நெருங்கிவிட்டால் முற்றிலும் அறிந்துவிடலாம் என்றும் அனுமானிப்பது இயல்பே. மனிதர்களைப் பற்றியும் நாம் இவ்விதமே நினைக்கிறோம். ஒரே கூரையின் கீழ்ப் பல்லாண்டு வாழ்ந்தவர்கள் ஒருவரை ஒருவர் முழுமையாக அறிந்தவர்கள் என்பதில் நமக்குச் சந்தேகம் எழுவதே இல்லை. இந்த அனுமானம் எவ்வளவு தூரம் உண்மை என்ற கேள்வியை என் மனத்தில் எழுப்பியது தத்துவ நூல் எதுவும் அன்று. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பின் வாங்கிய ஒரு கேமராவும், அதில் பொருத்திய மேக்ரோ லென்ஸும், வீட்டுக் கொல்லையில் பூத்திருந்த சில சாதாரணப் பூக்களுமே.

சாதாரண லென்ஸ் ஒரு பூவை ஓர் எல்லைக்கு மேல் நெருங்க இயலாது. நெருங்கினால் உருவம் கலங்கிவிடும். மேக்ரோ லென்ஸோ, பூவின் உருவத்தை அதன் உண்மை அளவிலேயே கேமராவின் சென்சார் மீது விழச் செய்யும் அளவுக்கு அருகே செல்ல வல்லது. அந்த நிலையில், ஃபுல் ஃபிரேம் எனப்படும் வகைக் கேமராவில், 36 மில்லிமீட்டர் நீளமும் 24 மில்லிமீட்டர் அகலமும் உள்ள சிறு பரப்பே படம் முழுவதையும் நிறைத்துக்கொள்கிறது. ஆனால் இந்த வரத்துக்கு ஒரு விலை உண்டு. லென்ஸ் நெருங்க நெருங்க, ஃபோகஸ் ஆகும் பகுதியின் ஆழம், கேமராக்காரர்கள் 'டெப்த்' என்று சுருக்கமாகச் சொல்லும் அந்த ஆழம், அதிவேகமாகக் குறைந்துகொண்டே வருகிறது. உண்மை அளவில் எடுக்கும்போது, அபர்ச்சரை எஃப் 2.8 என்று அகலத் திறந்து வைத்தால் தெளிவாக விழும் பகுதி ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். எஃப் 8-க்குச் சுருக்கினால் ஒரு மில்லிமீட்டர். எஃப் 16-க்குச் சுருக்கினால் ஏறக்குறைய இரண்டு. இன்னும் சுருக்கலாம் என்றால், மிகச் சிறிய துவாரத்தின் வழியே புகும் ஒளி தானே விரிந்து சிதறி, படம் முழுவதின் கூர்மையையும் குறைத்துவிடுகிறது. இது லென்ஸ் செய்தவருடைய குறை அன்று. ஒளியின் சுபாவமே அது. எவ்வளவு பணம் கொடுத்தாலும் இந்த நியதியைக் கடந்த லென்ஸ் ஒன்றை வாங்க முடியாது.

செம்பருத்தியை எடுத்தபோதுதான் இந்த நியதியின் பொருள் எனக்குப் பிரத்தியட்சமாக விளங்கியது. அந்தப் பூவின் நடுவிலிருந்து நீண்டு வரும் தண்டின் நுனியில், வெல்வெட்டுத் துணியில் செய்தவை போன்ற ஐந்து செந்நிறக் குமிழ்கள் இருக்கின்றன, அவையே சூல்முடிகள். அவற்றுக்குச் சற்றுக் கீழே, தண்டைச் சுற்றிலும் நுண்ணிய காம்புகளின் மேல் மகரந்தப் பைகள் நிற்கின்றன. அவற்றில் ஒட்டியிருக்கும் துகள்களோ வெறும் கண்ணுக்கே மணி மணியாகத் தெரியும் அளவுக்குப் பெரியவை. இத்தனையையும் ஒரே படத்தில் கொண்டுவர வேண்டும் என்று ஆசைப்படுவது யாருக்கும் இயல்பு. எனினும், முன்னால் நிற்கும் குமிழின் மேல் ஃபோகஸ் வைத்தால் பின்னால் நிற்கும் குமிழே மங்கிவிடுகிறது. மகரந்தத் துகளைப் பிடித்தால் குமிழ்கள் ஐந்தும் செந்நிறப் புகையாகக் கரைந்துவிடுகின்றன. இதழின் நரம்பைத் தேடிப் போனால் தண்டே மறைந்துபோகிறது. பத்தடி தூரத்தில் நின்றபோது முழுவதும் தெளிவாக இருந்த அதே பூ, ஒரு சாண் தூரத்துக்கு வந்ததும், 'என்னில் எதைப் பார்க்க வந்தாய் என்பதை முதலில் நிச்சயித்துக்கொள்' என்று நிபந்தனை விதிக்கிறது. அருகே செல்லச் செல்ல அறிவின் கூர்மை வளர்கிறது என்பது உண்மையே; ஆனால் அந்தக் கூர்மை விழும் இடம் சுருங்கிக்கொண்டே போகிறது என்பதும் அதே அளவு உண்மை.

இந்தக் கலையைப் பயிலும்போது முதலில் கட்டுக்குள் வர வேண்டியது கேமரா அன்று, உடம்பு. இவ்வளவு அண்மையில் லென்ஸின் வளையத்தைத் திருப்பித் திருப்பி ஃபோகஸ் தேடுவதால் பயன் குறைவு. வளையத்தை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, நம் உடம்பையே மயிரிழை முன்னும் பின்னுமாக நகர்த்தி, விரும்பிய இடம் கூர்மை பெறும் அந்தக் கணத்தில் அழுத்த வேண்டும். உள்ளே இழுக்கும் மூச்சே உருவத்தை அசைத்துவிடுமாதலால், மூச்சை வெளியே விட்டு அடங்கிய நிலையில் கை செயல்பட வேண்டியிருக்கிறது. ட்ரைபாட் வைத்துக்கொண்டால் கேமரா அசையாது, பூவோ அசையும். இலைகூட அசைவதாகத் தெரியாத காற்றும் இந்த அளவில் பெரும் சூறாவளி. ஆகையால் காற்று அடங்கியிருக்கும் விடியற்காலமே இதற்கு உகந்தது. அப்போதும் ஒளி போதுவதில்லை. உண்மை அளவுக்கு நெருங்கும்போது சென்சாரை அடையும் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடுவதால், ஒரு வெள்ளைக் காகிதத்தைப் பக்கத்தில் பிடித்து, கிழக்கிலிருந்து வரும் வெளிச்சத்தைப் பூவின் நிழல் விழுந்த பக்கத்துக்குத் திருப்பிவிட வேண்டும். பிறகு காத்திருக்க வேண்டும். இந்தக் காத்திருப்பு வீண் பொழுதன்று. நாம் எதைத் தேர்ந்துகொண்டோமோ அதனிடம் மனம் முழுவதும் வந்து சேர்வதற்கு அவ்வளவு நேரம் தேவைப்படுகிறது.

தும்பை நம்முடைய பழகிய பூ. சிவபூசைக்கு உரியது, பழந்தமிழர் போர்க்களத்தில் சூடி, ஒரு திணைக்கே அதன் பெயரை இட்டார்கள், இன்றும் நன்றாக வெளுத்த வேட்டியைத் 'தும்பைப் பூவாட்டம் இருக்கிறது' என்று சொல்கிறோம். வெண்மை என்ற ஒரே குணத்தால் அதை அறிந்து, அந்த அறிவோடு திருப்தி அடைந்துவிட்டோம். வாய்க்கால் கரையில் மண்டியிட்டு லென்ஸின் வழியே பார்க்கும்போது, அந்த வெண்மைக்குள் ஒரு சிற்பியின் வேலைப்பாடு தென்படுகிறது. பூவுக்கு மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு உதடுகள். மேலுதடு சிறியது, கவிந்த குல்லாயைப் போல வளைந்து, வெளிப்புறம் முழுவதும் வெண்பட்டு மயிர் அடர்ந்து, தன் உள்ளே மகரந்தத் தாள்களைப் போர்த்திக் காக்கிறது. கீழுதடு அகன்று விரிந்து, மூன்று பிரிவாகப் பிளந்து, வரும் பூச்சிக்கு இறங்கு துறையாக அமைந்திருக்கிறது. அந்தத் துறையில் கால் ஊன்றித் தலையை உள்ளே நுழைக்கும் தேனீயின் முதுகில், மேலே மறைந்திருக்கும் மகரந்தம் தடவப்படுகிறது. நகத்தளவுகூட இல்லாத ஒரு பூவில் விருந்தினர் வரும் வழியும், நிற்கும் இடமும், விடைபெறும்போது எடுத்துச் செல்ல வேண்டிய சுமையும் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டிருக்கின்றன. வெண்மை மாத்திரம் தெரிந்திருந்தவரையில் இவற்றில் ஒன்றேனும் நமக்குத் தெரியவில்லை. இவை இல்லாமலும் இல்லை.

மிகச் சிறிய ஒன்றைத் தேர்ந்துகொண்டு மற்றவற்றை மங்கவிடுவது அறிவைக் குறுக்கிவிடாதா என்று கேட்கலாம். ஜெர்மனியில் கிறிஸ்டியன் கொன்ராட் ஸ்பிரெங்கல் என்ற பள்ளி ஆசிரியர் 1787-ஆம் ஆண்டில் ஒரு காட்டு ஜெரேனியப் பூவின் இதழடியில் மெல்லிய மயிர்கள் இருப்பதைக் கண்டார். பயனின்றி ஒரு மயிர்கூடப் படைக்கப்பட்டிராது என்ற எண்ணத்தோடு அவற்றையே நோக்கி நின்றவர், அவை தேனை மழைநீரிலிருந்து காக்கின்றன என்று முடிவு செய்து, தேன் யாருக்காகக் காக்கப்படுகிறது என்று மேலும் கேட்டு, பூக்களின் அமைப்பு முழுவதும் பூச்சிகளின் வருகையை நோக்கி அமைந்தது என்ற மகத்தான உண்மையை 1793-இல் நூலாக வெளியிட்டார். அக்காலத்தவர் அதைப் பெரும்பாலும் பொருட்படுத்தவில்லை. ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்குப் பின் டார்வின் படித்துப் போற்றிய பிறகே அதன் பெருமை உலகுக்குப் புலனாயிற்று. பூக்காடு முழுவதையும் பொதுவாகப் பார்த்தவர்களுக்குக் கிடைக்காத விசாலமான உண்மை, சில மயிர்களைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்குக் கிடைத்தது. அதே நாட்டில் பின்னொரு காலத்தில் வாழ்ந்த கார்ல் பிளாஸ்ஃபெல்ட், பெர்லினில் மாணவர்களுக்குச் சித்திர வேலைப்பாடு கற்பிப்பதற்காக, தாமே அமைத்த கேமராவைக் கொண்டு, பாதையோரத்துச் செடிகளின் மொட்டையும் சுருளையும் விதையுறையையும் பன்மடங்கு பெருக்கிப் படம் பிடித்து வந்தார். பல ஆண்டுக்கால உழைப்பு 1928-இல் ஒரே நூலாக வந்தபோது அவருக்கு வயது அறுபதுக்கு மேல். களை என்று பிடுங்கி எறியப்படும் செடிகளில் கோபுரத்தின் அடுக்கும் இரும்புக் கிராதியின் வளைவும் இருப்பதை உலகம் அப்போதுதான் கண்டது. குறுகிய இடத்தில் ஊன்றிய பார்வை குறுகிய பார்வையாகிவிடுவதில்லை. அந்த இடத்தையே முழுப் பூ என்று சாதிக்கும்போதுதான் அது குறுகுகிறது.

இந்த இடத்தில்தான் பூவை விட்டு மனிதர்களிடம் என் சிந்தனை திரும்புகிறது. எங்கள் வீட்டில் என் தமக்கையார் நெடுங்காலமாக எங்களோடு வாழ்கிறார். சமையலறையும் பூசையறையும் அவருடைய ராஜ்யம்; நியமம், சிக்கனம், வாய் அதிகம் பேசாத உழைப்பு என்றே அவரை வீட்டார் அனைவரும் அறிவோம். கொல்லையில் படர்ந்திருந்த பூசணிக் கொடியின் பூவை ஒரு மாலையில் நான் தேடிக்கொண்டிருந்தபோது, அவர் வந்து நின்று, "பூசணிப் பூ வேணும்னா விடியக்காலையிலயே வந்துடு தம்பி; வெயில் ஏறிட்டா அது வாயை மூடிக்கும்" என்றார். மறுநாள் விடியலில் தாமே கொடியை விலக்கிக் காட்டி, "இது ஆண் பூ, வெறும் காம்புதான் இருக்கு பாரு. அதோ, அடியில குண்டா பிஞ்சு இருக்கே, அது பெண் பூ. மார்கழிக் கோலத்துக்கு நான் ஆண் பூவைத்தான் பறிப்பேன், மற்றதைத் தொட மாட்டேன், காய் வேணுமே" என்று விளக்கினார். சாண உருண்டையில் அவர் செருகிவைக்கும் மஞ்சள் பூவை வாசலில் மார்கழிதோறும் பார்த்து வந்த எங்களுக்கு, அந்தப் பூவுக்குப் பின்னால் இப்படி ஒரு விவேகமும், கொடியின் வம்சத்தின்மீது இப்படி ஒரு தயையும் இருந்தன என்பது அன்றுதான் வெளிப்பட்டது.

தூரத்தில் இருப்பவர்களை நாம் ஓரளவு முழுமையாகப் பார்க்கிறோம். அவர்களுடைய குணமும் குற்றமும் ஒரே தளத்தில் தெரிகின்றன. மிக நெருங்கியவர்களிடமோ, தினசரி வாழ்வின் தேவை எந்த அம்சத்தைத் தொடுகிறதோ அந்த ஒன்றின் மீதே நம் பார்வை நிலைத்துவிடுகிறது. தந்தை என்றால் கண்டிப்பு, மனைவி என்றால் கவலை, மகன் என்றால் படிப்பு என்று ஒவ்வொருவரிடமும் ஒரு மில்லிமீட்டர் ஆழத்தை மிகக் கூர்மையாக அறிந்திருக்கிறோம். அந்தக் கூர்மை அவ்வளவு திட்டமாக இருப்பதனாலேயே, அதற்கு அப்பால் ஏதும் இல்லை என்ற மயக்கமும் உண்டாகிறது. நெருக்கத்தில் விளையும் இந்த அறியாமை, தூரத்தின் அறியாமையைவிட அபாயகரமானது. தூரத்திலிருப்பவன் தனக்குத் தெரியாது என்பதையாவது அறிவான்.

இதற்குப் பரிகாரமாக விலகிச் செல் என்று யாரும் சொல்லமாட்டார்கள். தாவரவியலாரும் பூச்சியியலாரும் இப்போது கையாளும் ஒரு முறை உண்டு: கேமராவை அசையாமல் நிறுத்தி, முன்னிதழிலிருந்து பின்னிதழ் வரை ஃபோகஸைச் சிறிது சிறிதாக நகர்த்தியபடியே பல படங்கள் எடுத்து, ஒவ்வொன்றிலும் தெளிவாக விழுந்த பகுதியை மட்டும் கணினியின் உதவியால் ஒன்றுசேர்த்து, முழுத் தெளிவுள்ள ஒரே படமாக்கிக்கொள்கிறார்கள். அவ்வளவு நேரமும் பூ அசையாதிருக்க வேண்டும் என்பது அந்த முறையின் நிபந்தனை. மனிதர்களோ ஒரு பார்வைக்கும் மறு பார்வைக்கும் இடையில் வளர்கிறார்கள், மூப்படைகிறார்கள், மாறுகிறார்கள். அவர்களைச் சேர்த்துப் பார்க்கும் இயந்திரம் இல்லை. நினைவும் அன்புமே அந்த வேலையை மெதுவாக, ஒருபோதும் பூர்த்தியாகாமல் செய்துகொண்டிருக்கின்றன.

ஆகவே நெருங்கி வாழ்வதன் கடமை இரண்டு என்று கருதுகிறேன். எந்த அம்சத்தைத் தேர்ந்து நோக்குகிறோமோ அதை மனம் சிதறாமல் முழுமையாக நோக்குவது ஒன்று. நம் பார்வையில் மங்கியிருப்பது அவர்களிடம் இல்லாதது என்று தீர்ப்புச் சொல்லாமல், மறுபடியும் வேறோர் ஆழத்தில் நோக்க முன்வருவது மற்றொன்று. முதலாவதை எந்தக் கலையும் கற்பித்துவிடும். இரண்டாவதற்குப் பணிவு வேண்டும். 'இவரை எனக்குத் தெரியும்' என்ற வாக்கியத்தை நம் வீட்டாரைக் குறித்துச் சொல்லும்போதெல்லாம், 'இதுவரை பார்த்த அளவில்' என்ற சொற்களையும் மனத்துக்குள் சேர்த்துக்கொள்வோமானால், பல குடும்பங்களில் பல ஆண்டுகளாக உறைந்து கிடக்கும் அபிப்பிராயங்கள் இளகும். அதனால் நாம் இழக்கப்போவது ஒன்றுமில்லை.