காட்டின் வாசலில் ஒரு படுக்கை

யாலவுக்குப் போய்வந்தவரைக் கண்டால் நாம் கேட்கும் முதற் கேள்வி, "சிறுத்தை கண்டீர்களா?" என்பதுதான். எங்கே தங்கினீர்கள் என்று கேட்பவரும் அறை வாடகையையும் சாப்பாட்டையும் அறிந்துகொள்ளவே கேட்கிறார். தங்குமிடம் என்பது பணப்பையோடு மட்டும் சம்பந்தப்பட்ட காரியம் என்ற எண்ணம் நம்மிடையே ஊறிப்போயிருக்கிறது. காடு பார்க்கப் போகும் மனிதன் தன் சொந்த விருப்பப்படி செய்யும் காரியங்களுள் மிகப் பெரியது இரவில் எங்கே படுப்பது என்பதைத் தீர்மானிப்பதே என்று எனக்குத் தோன்றுகிறது.

பகலில் அவனுக்குச் சுதந்திரம் குறைவு. காலை 6 மணிக்கு வாயில் திறக்கும், மாலை 6 மணிக்கு மூடப்படும். எந்தப் பாதையில் போகலாம், எங்கே வாகனத்தை விட்டு இறங்கலாம் என்பதெல்லாம் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் சட்டத்துக்குள் அடங்கியவை. ஜீப்பில் ஏறிய பின்னர் கோடீஸ்வரரும் ஆசிரியரும் ஒரே தூசியைத்தான் விழுங்குகிறார்கள். மிகுதி 12 மணித்தியாலங்களில்தான் ஒவ்வொருவரும் தத்தம் போக்கில் பிரிகிறோம்.

1900ஆம் ஆண்டு சரணாலயமாகவும் 1938இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்ட யால, ஏறத்தாழ 979 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. ஐந்து பிரிவுகள் இருந்தும் பெரும்பாலானோர் செல்வது முதலாம் பிரிவுக்கே. அது முழுப் பரப்பில் ஆறில் அல்லது ஏழில் ஒரு பங்குதான். உலகில் சிறுத்தைகள் மிக நெருக்கமாக வாழும் இடங்களுள் அதுவும் ஒன்று என்பதால் இந்த நெரிசல். அங்கே போகிறவருக்குத் தங்க நான்கு வழிகள் உண்டு. பூங்காவுக்கு உள்ளேயே திணைக்களத்தின் பங்களாக்கள் சில இருக்கின்றன. அரிசி, பருப்பு முதல் எல்லாவற்றையும் நாமே கொண்டுபோக வேண்டும், காவலாளி சமைத்துத் தருவார். பலட்டுபான வாயிலை அண்டிய எல்லைப்புறத்தில் உல்லாச விடுதிகளும் கூடார முகாம்களும் இருக்கின்றன. சற்றுத் தள்ளி திஸ்ஸமஹாராமவிலும் கிரிந்தவிலும் சிறு விடுதிகள், வீட்டறைகள். கடைசியாக, யாத்திரிகர்களுக்கான கதிர்காமத்து மடங்கள்.

பாடசாலைச் சுற்றுலா பற்றிய பேச்சு எழுந்தபோது எங்கள் ஆசிரியர் அறையில் ஓர் இளம் ஆசிரியர் சொன்னார்: "காட்டுக்குப் போறெண்டா காட்டுக்குள்ளதான் சேர் படுக்கோணும். திஸ்ஸயில படுக்கிறதெண்டா நம்மட ஊரிலேயே படுக்கலாமே." எல்லோரும் சிரித்தார்கள். நான் அதை வெறும் பகிடியாக எடுத்துக்கொள்ளவில்லை. நேசிக்கும் பொருளுக்கு எவ்வளவு அருகில் இருக்க முடியுமோ அவ்வளவு அருகில் இருக்க வேண்டும் என்ற நியாயம் அதற்குள் இருக்கிறது. நம்மில் பலர் அந்த நியாயத்தைச் சோதித்துப் பார்ப்பதே இல்லை.

நெருக்கம் நேசத்தின் அடையாளமாக இருக்கலாம். பசியின் அடையாளமாகவும் இருக்கலாம். கட்டிலில் படுத்தபடியே யானை பார்க்க வேண்டும் என்றால் யானை வரும் இடத்தில் கட்டில் போட வேண்டும். கட்டில் வந்தால் மின்விளக்கு வரும், நீச்சல் தடாகம் வரும், குப்பை வரும், குப்பையைத் தேடிப் பன்றி வரும். வரட்சிக் காலத்தில் குளங்கள் வெடித்துக் கிடக்கும் பூமி அது. அந்தக் காரணத்தாலேயே முதலாம் பிரிவைப் பல ஆண்டுகளில் செப்டெம்பர் மாதமளவில் மூடிவைக்கிறார்கள். அப்படிப்பட்ட மண்ணில் ஒரு விடுதி தன் புற்றரைக்கு இறைக்கும் நீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்பது உபத்திரவமான கேள்வியாகாது.

இவ்விடத்தில் ஒரு சம்பவத்தை நினைவுகூர வேண்டும். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை யாலவின் கரையையும் தாக்கியது. பத்தனங்கலவிலும் அண்டிய பகுதிகளிலும் உல்லாசப் பயணிகளும் ஊழியர்களுமாகப் பலர் மாண்டனர். அடுத்த மாதமே நமது கரையோரங்களை ஆராய்ந்த சர்வதேச விஞ்ஞானிகள் குழுவொன்று ஒரு விடயத்தைப் பதிவு செய்தது. யாலவில் ஒரு விடுதி, கடற்காட்சி தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காகத் தனக்கு முன்னாலிருந்த மணற்குன்றின் ஒரு பகுதியை அகற்றியிருந்தது. அவ்விடத்தில் அலை அயலிடங்களைவிட உயர்ந்து வந்து விடுதியை அழித்தது. குன்று குலையாதிருந்த இடங்களில் நீர்மட்டம் குறைவாகவே இருந்தது. மாண்டவர்கள் மேல் பழி சொல்ல இதை நான் எழுதவில்லை. அவர்கள் அறைக்குப் பணம் கொடுத்தார்கள். குன்று வெட்டப்பட்ட கதை அவர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. எனினும், எவரும் விரும்பாத ஒரு காட்சியை எந்த விடுதியும் மண்வெட்டி எடுத்து உண்டாக்குவதில்லை. "கடல் தெரியும் அறை வேண்டும்" என்று கேட்ட முகந்தெரியாத பலரின் ஆசையும் அந்த மண்வெட்டியைப் பிடித்திருந்தது.

அப்படியானால் தூரத்தில் தங்குபவர் குற்றமற்றவரா? அதையும் ஒப்புக்கொள்ள முடியாது. திஸ்ஸமஹாராமவிலிருந்து வாயிலுக்கு இருபது கிலோமீற்றருக்கு மேல். 6 மணிக்கு உள்ளே நுழைய வேண்டுமானால் 5 மணிக்கு முன்னரே புறப்பட வேண்டும். வாயிலில் ஜீப்புகள் வரிசையாக நிற்கும். திறந்ததும் ஓட்டந்தான். ஒரு சிறுத்தை மரக்கிளையில் படுத்திருக்கும் செய்தி பரவினால் எல்லா வாகனங்களும் அங்கே குவிந்துவிடும். பணம் கொடுத்த பயணி சிறுத்தை கேட்கிறார், சாரதி வேகத்தைக் கூட்டுகிறார். பழி முழுவதையும் சாரதியின் தலையில் கட்டுவது நமக்கு வசதி. அரைநாளுக்குள் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று அவரிடம் சொன்னது யார்? ஆகவே தூரமும் தன் பங்குக்கு ஒரு தீங்கைச் செய்கிறது. நிதானமாகப் போகச் சம்மதித்தால்தான் அது குறையும்.

புத்தள - கதிர்காம வீதியில் நம்மவர்கள் செய்த காரியமும் இதற்குத் தூரமானதல்ல. யாத்திரை போனவர்கள் அன்போடு பழங்களை நீட்டினார்கள். இன்று சில யானைகள் வாகனங்களை மறித்துக் கையேந்தி நிற்கின்றன. அன்புக்கும் அளவு வேண்டும் என்று பாடப்புத்தகத்தில் படிப்பிக்கும் எனக்கு, அந்த வீதி ஒரு வகுப்பறையாகவே படுகிறது.

இத்தனை பேச்சிலும் நாம் மறந்துவிடும் ஒருவர் இருக்கிறார். சேனைக்காரர். காட்டோரத்தில் மரத்தின் மேல் பரண் கட்டி, யானை வெடியும் பந்தமுமாக இரவெல்லாம் விழித்திருப்பவர். யானைக்கு அருகில் உறங்க அவர் ஒருபோதும் ஆசைப்பட்டதில்லை. 2023ஆம் ஆண்டில் மட்டும் நாடு முழுவதும் 450க்கும் மேற்பட்ட யானைகளும் 150க்கும் மேற்பட்ட மனிதர்களும் இந்தப் போராட்டத்தில் மாண்டனர். நாட்டின் சில இடங்களில் அதே பரணைப் பார்த்து மரவீடு கட்டி, மெத்தை போட்டு, உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். ஒருவர் வேறு வழியின்றி விழித்திருக்கும் இடத்தை மற்றவர் கட்டணம் செலுத்தி அனுபவிக்கிறார். இதைப் பாவம் என்று நான் சொல்லமாட்டேன். அந்தக் கட்டணத்தில் ஒரு பங்கேனும் சேனைக்காரரின் வீட்டுக்குப் போய்ச் சேருமானால், அவருக்கு யானை உயிரோடிருப்பதில் ஒரு நன்மை உண்டாகும். போய்ச் சேராவிட்டால், அவருடைய பயத்தை மற்றொருவர் அலங்காரமாக விற்கிறார் என்றுதான் கொள்ள வேண்டும்.

ஏற்கனவே மனிதர் வாழும் ஊரில், அவ்வூர்க்காரர் ஒருவரின் கூரையின் கீழ் படுப்பதே ஒப்பீட்டளவில் நியாயமானது என்பது என் முடிவு. மீனவர்களும் மலாய்க் குடும்பங்களும் வாழும் கிரிந்தவில் ஒரு வீட்டறைக்குக் கொடுக்கும் பணம் அங்குள்ள பேக்கரியிலும் மீன் சந்தையிலும் மறுநாளே சுற்றத் தொடங்கும். அதற்கென்று புதிதாக ஒரு துண்டு காடு வெட்டப்பட வேண்டியதில்லை; அந்த விளக்கு எப்படியும் எரியும் விளக்கு. பூங்காவுக்குள் இருக்கும் பங்களாக்களை நான் வெறுக்கவில்லை. எண்ணிக்கையிற் குறைந்தவை, இருட்டிய பின் வாகனம் ஓட்ட அனுமதியில்லாதவை, தன் சோற்றைத் தானே சுமந்துவரச் செய்பவை. ஆடம்பரத்துக்கு இடமில்லாத அந்த ஒழுங்கு எனக்குப் பிடிக்கும். ஆனால் முன்பதிவு செய்யும் வழிவகை தெரிந்தவருக்கே அவை கிடைக்கின்றன. 40 பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பஸ் வண்டியில் வரும் கிராமத்துப் பாடசாலைக்கு அந்தக் கதவு இல்லை.

நாங்கள் சியம்பலாண்டுவ, மொனராகலை வழியாகப் போய்க் கதிர்காமத்து மடமொன்றில் தங்குவதென்றும், ஒரு காலையை மட்டும் காட்டுக்கு ஒதுக்குவதென்றும், சிறுத்தையைத் தேடி ஓடவேண்டாமென்று சாரதிகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதென்றும் தீர்மானித்தோம். இளம் ஆசிரியருக்கு இதில் திருப்தியில்லை. ஒலிபெருக்கிச் சத்தத்துக்குள் படுத்துறங்கும் பிள்ளைகள் காட்டின் இரவை எப்படி அறிவார்கள் என்று கேட்டார். அவர் பட்டணத்தில் பிறந்து வளர்ந்தவர். எங்கள் மாணவர்களுள் பலர் வேளாண்மைக் காலத்தில் வாப்பாவுக்குச் சோறு கொண்டுபோய் வயற்காவலில் படுத்தவர்கள். யானை வரும் இரவு எப்படியிருக்கும் என்பதை அவரிடம் விளங்கப்படுத்தும் வேலையை நான் அவர்களிடமே விட்டுவிட்டேன்.