விற்பவனின் மௌனம்

பொய் சொல்லாதவன் உண்மை பேசியவன் ஆகிவிடுவானா? அறநூல்கள் நெடுங்காலமாக ஆராய்ந்து வரும் இக்கேள்வி இன்று கைத்தொலைபேசியின் திரைக்குள்ளும் புகுந்து நிற்கிறது. திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய தெருவொன்றில் வாழும் இசைக்கலைஞன் ஒருவன், தன் பழைய மின் பேஸ் கிற்றாரை இணையத்தில் விற்க முற்படுகிறான் என்று கொள்வோம். நான்கு படங்கள், மூன்று வரி விளக்கம், ஒரு விலை: சந்தை அவனிடம் கேட்பது இவ்வளவே.

1951இல் அமெரிக்கரான லியோ ஃபெண்டர் சந்தைக்குக் கொண்டுவந்த பின்னரே இக்கருவி உலகெங்கும் பரவியது. அதன் பெருங்குறைகள் படத்தில் தெரிவதில்லை. தடித்த கம்பிகளின் இழுவையை அதன் கழுத்து இரவும் பகலும் தாங்குகிறது. அவ்விழுவையை எதிர்க்கக் கழுத்தினுள்ளே ஓர் இரும்புத் தண்டு கிடக்கிறது. கடற்கரையின் உப்புக்காற்றில் அத்தண்டின் திருகு துருவேறி இறுகிவிட்டால், கழுத்தின் வளைவைத் திருத்துவது அரிது. விற்பவனுக்கு இது தெரியும். கொழும்பிலிருந்து படம் பார்ப்பவனுக்குத் தெரியாது. அவன் கேட்கவுமில்லை. இவன் சொல்லத்தான் வேண்டுமா?

கி.மு. 44இல் ரோமானிய அறிஞர் சிசரோ, கடமைகள் பற்றிய தமது நூலில் இதையொத்த வழக்கொன்றை எடுத்துரைத்தார். பஞ்சத்தில் வாடும் ரோட்ஸ் தீவுக்கு அலெக்சாந்திரியாவிலிருந்து ஒரு வணிகன் தானியக் கப்பலுடன் வருகிறான். பின்னால் வேறு கப்பல்களும் வருவதை அவன் அறிவான். அதைச் சொன்னால் விலை விழும். சொல்லாமலிருப்பது வேறு, மறைப்பது வேறு என வாதிட்டார் தயோஜனிஸ். விற்பவன் அறிந்ததனைத்தையும் வாங்குபவனும் அறிய வேண்டும் என மறுத்தார் அந்திபேற்றர். சிசரோ அந்திபேற்றரின் பக்கமே நின்றார்.

சட்டமோ பெரும்பாலும் தயோஜனிஸின் பக்கம் சாய்கிறது. ஆங்கிலச் சட்டத்தைத் தழுவி 1896இல் இலங்கையில் இயற்றப்பட்ட பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின் பொதுவிதி, வாங்குபவனே விழிப்பாயிருக்க வேண்டும் என்பது. ஆனால் சட்டம் தண்டியாததெல்லாம் அறமாகிவிடாது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். 2022 ஏப்ரலில் அரசு வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை நிறுத்தியது. ஆண்டின் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் நின்ற டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. அத்தகைய காலத்தில் பிழைப்புக்குரிய கருவியையே விற்பவனிடம் போய் உண்மையைப் பற்றி உபதேசிப்பது எளிது. அரிசி வாங்கப் பணமில்லாதவனுக்கு அறம் ஓர் ஆடம்பரம் அல்லவா?

இந்த மறுப்பை நாம் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் பழைய கருவியைத் தேடி வருபவன் யார் என்பதையும் கேட்க வேண்டும். வசதி படைத்தவன் கடைக்குச் சென்று உத்தரவாதச் சீட்டுடன் புதியதை வாங்குகிறான். பழையதை நாடி வருபவன் பெரும்பாலும் சேமிப்பைத் திரட்டி வரும் மாணவன். அல்லது இன்னொரு ஏழைக் கலைஞன். குறையை மறைப்பதால் நட்டம் அழிந்துபோவதில்லை. அது ஓர் ஏழையின் தோளிலிருந்து இன்னோர் ஏழையின் தோளுக்கு இடம் மாறுகிறது. நெருக்கடியை உண்டாக்கியவர்கள் மீது அதன் ஒரு தூசியும் படுவதில்லை.

வாங்குபவனுக்கும் ஒரு மௌனம் உண்டு. விற்பவனின் அவசரத்தை அறிந்துகொண்டு, பொருளின் மதிப்பையும் அறிந்துகொண்டு, பாதி விலைக்குப் பேரம் பேசுபவனும் மறைக்கிறவனே. அதையே தொழிலாக்கிய இடைத்தரகன் இருவரின் அறியாமையிலும் வாழ்கிறான். காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் வாங்கும்போது அதிகம் பெறமாட்டார்கள், விற்கும்போது அளவு குறைக்கமாட்டார்கள் என்று பட்டினப்பாலை பாராட்டுகிறது. ஒரே துலாக்கோல் இரு புறத்தாருக்கும் பொது என்பதே அப்பாராட்டின் பொருள்.

தனிமனிதனின் நேர்மை மட்டும் சந்தையைத் திருத்திவிடும் என்று நாம் மயங்கவில்லை. சனசமூக நிலையங்களும் பாடசாலை இசைமன்றங்களும் கருவியறிந்த ஒருவரைக் கொண்டு பழைய வாத்தியங்களைப் பரிசோதித்து, நியாய விலை சொல்ல முன்வரலாம். ஆசிரியரும் மாணவரும் நாளையே தொடங்கக்கூடிய பணி இது. அதுவரையில் விளம்பரத்தில் நான்காவது வரியாக, ‘கழுத்து வளைந்துள்ளது’ என்று எழுதுபவன் சில ஆயிரம் ரூபாவை இழக்கக்கூடும். ஆயினும் தன்னைப் போன்ற ஒருவனைச் சந்தையின் இரையாக்காமல் தோழனாக நடத்தியவன் அவனே.