கொல்லையில் வந்து சேர்ந்த அமானிதம்

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



தொட்டியம் பகுதி, காவிரியின் வடகரையில் வாழையும் கோரையும் செழித்த பூமி. இங்கே கோடை பிறந்துவிட்டால், ஸுப்ஹுக்குப் பாங்கு ஒலிக்கும் நேரத்திலேயே முகட்டு ஓட்டில் அமர்ந்து ஒரு பறவை சீட்டியடிக்கத் தொடங்கும். கறுப்பும் வெள்ளையுமான குண்டுக்கரிச்சான் அது. அதன் பேடு சுவர்ப் பொந்திலோ மரப் பொந்திலோ முட்டையிட்டு அடைகாக்கும். எலுமிச்சைச் செடியில் தையல்சிட்டு கூடு கட்டும். முருங்கைக் கிளையிலோ, தாழ்வாரத்தில் தொங்கும் கயிற்றிலோ தேன்சிட்டு தன் பை போன்ற கூட்டைத் தொங்கவிடும். மல்லிகைப் பந்தலுக்குள் கொண்டைக்குருவி குடிபுகும்.

இவற்றின் குஞ்சுகளுக்கு முக்கிய உணவு புழுவும் பூச்சியும்தான். பூவில் தேன் குடிக்கும் தேன்சிட்டுகூடத் தன் குஞ்சுக்குச் சிலந்தியையும் சிறு பூச்சிகளையும் தேடிப் பிடித்து வந்து ஊட்டுகிறது. நம் கத்தரிச் செடியைத் துளைக்கும் புழுவைப் பொறுக்க, கூலி கேட்காத ஆட்களை அல்லாஹு தஆலா அனுப்பி வைத்திருக்கிறான்.

தையல்சிட்டைச் சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். அலகே அதற்கு ஊசி. பஞ்சும் நாரும் சிலந்தி இழையும் நூல். உயிருள்ள இலையின் ஓரங்களில் துளையிட்டு, இரு விளிம்புகளையும் இணைத்துத் தைத்து, உள்ளே மெத்தை பரப்பி முட்டையிடுகிறது. எந்த உஸ்தாதிடம் அது இத்தொழிலைக் கற்றது? தேனீக்கு வீடு கட்டும் அறிவை உள்ளுதிப்பாகக் கொடுத்ததாக ஸூரத்துந் நஹ்லில் சொல்லும் ரப்புதான் இதற்கும் ஆசான். சிறகால் பறக்கும் பறவைகளும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்ற கருத்தை ஸூரத்துல் அன்ஆம் 38-ஆம் வசனம் அறிவிக்கிறது. அவை தத்தம் தொழுகையையும் தஸ்பீஹையும் அறிந்திருக்கின்றன என்று ஸூரத்துந் நூர் 41-ஆம் வசனம் எடுத்துரைக்கிறது. ஆகவே, நம் கொல்லையில் கூடு கட்டுவது தஸ்பீஹ் செய்யும் ஒரு குடும்பம்!

ஆனால் நம் வீடுகளில் நடப்பது என்ன? கூட்டைக் கண்ட சிறுவன் குஞ்சை எடுத்து அட்டைப் பெட்டியில் வைக்கிறான். தாய்ப்பறவை கதறுகிறது. பெற்றோர் சிரித்துக்கொண்டு பார்த்திருக்கிறார்கள்.

இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் அபூதாவூதில் பதிவாகியுள்ளது. ஒரு பயணத்தில் ஸஹாபாக்கள் சிலர், ஒரு சிறு பறவையின் இரண்டு குஞ்சுகளை எடுத்துவிட்டார்கள். தாய் வந்து சிறகடித்துத் துடித்தது. அங்கு வந்த நபி (ஸல்) அவர்கள், குஞ்சைப் பறித்து இதைத் துயரப்படுத்தியவர் யார் என்று விசாரித்து, அவற்றைத் தாயிடமே திருப்பிக் கொடுக்கும்படி கட்டளையிட்டார்கள். பயணத்தின் நடுவிலும் ஒரு குருவியின் வழக்கு தீர்க்கப்பட்டது!

இங்கே ஒருவர் கேட்கலாம்: “அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர் ‘நுகைர்’ என்னும் சிறு குருவியை வைத்திருந்தாரே! அது இறந்தபோது நபியவர்களே அதைப் பற்றிப் பரிவோடு விசாரித்தார்களே! என் மகன் வளர்த்தால் என்ன?” நியாயமான கேள்விதான். அந்த ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உண்டு. ஷாஃபிஈ மத்ஹபின் இமாம் இப்னுல் காஸ் (ரஹ்) அந்த ஒரு ஹதீஸிலிருந்தே ஏறத்தாழ அறுபது பலன்களை எடுத்துத் தனி நூல் எழுதினார். தீனி, தண்ணீர் குறையாமலும் வதை இல்லாமலும் பறவை வளர்ப்பதை உலமாக்கள் இதைக்கொண்டு அனுமதித்தார்கள். ஆனால், தாயின் கண் முன்னே குஞ்சைப் பறிக்க அதில் ஆதாரம் இல்லை. அதற்குரிய தீர்ப்பு இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் ஹதீஸில் இருக்கிறது: திருப்பிக் கொடு! மேலும், நம் நாட்டுக் காட்டுப் பறவைகளைப் பிடிப்பதை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் தடுக்கிறது.

“எச்சம் விழுகிறதே, தொழும் இடம் கெடுகிறதே” என்று தாய்மார்கள் கூட்டைக் கலைக்கச் சொல்வதுண்டு. ஹனஃபீ மத்ஹபில், சிட்டுக்குருவி, புறா போன்ற உண்ண ஆகுமான பறவைகளின் எச்சம் நஜீஸ் அல்ல. ஷாஃபிஈ மத்ஹபில் அது நஜீஸ், கழுவிக்கொள்ள வேண்டும். எந்த மத்ஹபாக இருந்தாலும் முஸல்லாவை நாலடி தள்ளி விரிப்பதும், கூட்டின் கீழே ஒரு பழைய சாக்கைப் போடுவதும் சிரமமா? தையல்சிட்டின் முட்டை பொரிய ஏறக்குறைய 12 நாள். குஞ்சு பறக்க இன்னும் இரண்டு வாரம். ஒரு மாதம்கூடத் தங்காத விருந்தாளி அது!

பிள்ளைகளைப் பார்க்க விடுங்கள், தொட விடாதீர்கள். தூரத்தில் நின்று பார்க்கட்டும். அடிக்கடி கூட்டருகே போனால் காக்கையும் பூனையும் இடத்தைக் கண்டுகொள்ளும். சிறகு முளைக்காத குஞ்சு கீழே விழுந்தால் மெதுவாக எடுத்துக் கூட்டில் வையுங்கள். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது வெறும் பேச்சு. சிறகு முளைத்துத் தத்தும் குஞ்சை விட்டுவிடுங்கள். தாய் அருகில்தான் இருக்கும். பூனையை மட்டும் விரட்டுங்கள். குஞ்சு இருக்கும் செடியில் பூச்சி மருந்து தெளிக்காதீர்கள். மருந்து பட்ட புழு குஞ்சின் வாய்க்கே போகும்.

பம்பாயில் 1896-இல் பிறந்த ஸாலிம் அலீ, சிறுவனாகக் காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். அதன் தொண்டையில் மஞ்சள் நிறம் கண்டு, இதை உண்ணலாமா என்று தம் மாமாவிடம் போய் நின்றார். அந்தக் கேள்வியே அவரைப் பறவை இயலுக்கு இட்டுச் சென்றது. 1987-இல் மறையும் வரை பறவைகளை ஆராய்ந்தார். பிள்ளையின் கேள்வியை அலட்சியம் செய்யாதீர்கள். அதில் அல்லாஹ் என்ன வைத்திருக்கிறான் என்பதை யார் அறிவார்?

எறும்பு, தேனீ, கொண்டலாத்தி, கீச்சான் ஆகிய நான்கைக் கொல்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். கொண்டலாத்தியும் கீச்சானும் நம் வயல்வெளிகளில் பூச்சி பொறுக்கும் பறவைகளே. ஒரு பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் சாகடித்த பெண் நரகம் புகுந்த செய்தியும், நாம் நட்ட மரத்தில் ஒரு பறவை உண்டால் அது நமக்கு ஸதகா என்ற நற்செய்தியும் நம்மிடம் இருக்கின்றன. இரண்டு வழிகளும் நம் கொல்லைப்புறத்தில்தான் பிரிகின்றன.

யா அல்லாஹ்! வாயற்ற ஜீவன்கள் மறுமையில் எங்கள் மீது வழக்குத் தொடுக்காமல் காப்பாயாக! அவற்றின் மீது இரக்கம் காட்டும் உள்ளத்தை எங்களுக்கும் எங்கள் மக்களுக்கும் அருள்வாயாக! ஆமீன்.