கூடத்தில் நடக்கும் ஆங்கில வகுப்பு

முத்துப்பேட்டையில் வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ மலேசியாவுக்கோ ஆள் அனுப்பாத தெருவைப் பார்ப்பது அரிது. பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும். கையெழுத்துப் போட்டவர்களில் எத்தனை பேர் வாசித்துவிட்டுப் போட்டார்கள் என்று ஏஜென்டும் கேட்பதில்லை, வீட்டாரும் கேட்பதில்லை. ஆங்கிலம் இந்த ஊருக்கு ஆடம்பரமல்ல, பிழைப்பு. அதைக் குழந்தைகளுக்கு யார் சொல்லித் தருகிறார்கள் என்பதுதான் கேள்வி.

கொரோனாவில் தமிழகத்தின் தொடக்கப் பள்ளிகள் 19 மாதம் பூட்டிக் கிடந்தன. 2021 அக்டோபர் 27 அன்று, மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் அந்த இழப்பை ஈடுகட்ட, தன்னார்வலர்கள் வீட்டருகே பாடம் நடத்தும் ‘இல்லம் தேடிக் கல்வி’ என்னும் அரசுத் திட்டம் தொடங்கப்பட்டது. ஒரு மையத்துக்குச் சுமார் 20 பிள்ளைகள், மாலை ஐந்திலிருந்து ஏழுக்குள் ஒன்றரை மணி நேரம் வரை வகுப்பு. பிளஸ் டூ முடித்தவர் தொடக்க வகுப்புகளுக்கும் பட்டதாரி நடுநிலை வகுப்புகளுக்கும் பாடம் நடத்தலாம் என்று அப்போது விதி இருந்தது. ஊக்கத்தொகை மாதம் 1,000 ரூபாய் என்றார்கள். முன்வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

மாலை ஐந்து மணிக்கு அப்படிப்பட்ட வீடு ஒன்று எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கூடத்தில் பாய் விரித்திருக்கும். மாமியாரின் சீரியல் சத்தம் குறைக்கப்பட்டிருக்கும், நிறுத்தப்பட்டிருக்காது. அடுப்படியில் குக்கர். மூன்றாவது விசிலுக்கு, பாடம் நடத்தும் லாத்தா (அக்கா) எழுந்து போவாள். திரும்பி வருவதற்குள் சின்ன ‘பி’க்கும் சின்ன ‘டி’க்கும் வயிறு எந்தப் பக்கம் என்று இரண்டு பிள்ளைகள் சண்டையைத் தொடங்கியிருப்பார்கள். வெள்ளிக்கிழமையானால் ரியாத்திலிருந்து வீடியோ கால் வரும். போனில் தெரியும் அத்தா ஒவ்வொரு பிள்ளையிடமும் ‘வாட் இஸ் யுவர் நேம்’ என்று கேட்பார். பாயில் உள்ள எல்லோரும் தவறாமல் தேறுகிற பரீட்சை அது ஒன்றுதான். மஹ்ரிப் பாங்கு சொன்னால் பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள்.

இந்தக் கூச்சலில் என்ன படிப்பு என்று கேட்கலாம். கார்த்திக் முரளிதரனும் உடன் ஆய்வாளர்களும் தமிழகக் கிராமங்களில் பல்லாயிரம் பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்தில் கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டிருந்தது. அந்த மீட்சியில் 24 விழுக்காடு இந்த மாலை வகுப்புகளால் வந்தது. அவர்கள் அளந்தது தமிழையும் கணக்கையும். ஆங்கிலத்துக்கு இந்தக் கூடம் இன்னும் பொருத்தமான இடம் என்பது என் கணிப்பு. அங்கே பயம் குறைவு. சொல்லித் தருபவளுக்கே ஒரு சொல்லின் உச்சரிப்பு சந்தேகமாக இருந்தால் பிள்ளைகள் முன்னாலேயே போனில் போட்டுக் கேட்பாள். தெரியாததைத் தெரியவில்லை என்று ஒப்புக்கொள்ளும் பெரியவரைப் பிள்ளைகள் வேறெங்கே பார்க்கப் போகிறார்கள்?

ஊக்கத்தொகையின் கணக்கையும் பார்த்துவிடலாம். வாரம் ஆறு மணி நேரம் என்றால் மணிக்கு 40 ரூபாய்கூட வராது. கூடம், மின்விசிறி, குடிதண்ணீர், மாமியாரின் பொறுமை எல்லாம் இலவசம். அதே தெருவில் கொஞ்சம் வசதியுள்ள வீட்டுப் பிள்ளையை ஏற்றிச்செல்ல இங்கிலீஷ் மீடியம் பள்ளியின் வேன் வாசலுக்கு வரும். அங்கே யாரும் தொண்டுள்ளத்தை நம்பிக் கட்டணம் கட்டாமல் இருப்பதில்லை.

இதே தஞ்சைச் சீமையில் 1785 வாக்கில், கிழக்கிந்தியக் கம்பெனியின் ரெசிடென்ட் ஜான் சலிவன் வகுத்த திட்டப்படி பாதிரியார் சுவார்ட்ஸின் பொறுப்பில் ஆங்கிலப் பள்ளி வந்தது. நோக்கம் கம்பெனியின் காரியம் நடக்க வேண்டும் என்பதுதான், வேறு கருணை இல்லை. ஆனாலும் அத்தகைய பள்ளி ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 250 வராகன் ஒதுக்கக் கம்பெனி இசைந்தது. சொந்த லாபத்துக்காக வந்தவன், சொல்லிக்கொடுக்கக் காசு ஆகும் என்பதை அறிந்திருந்தான்.

லாத்தாவைப் புகழ்ந்து விழா எடுக்க வேண்டாம், சால்வையும் வேண்டாம். கூடத்தில் அவள் நடத்திய மாதங்களை ஆசிரியர் பயிற்சிச் சேர்க்கையிலும் அங்கன்வாடி வேலையிலும் அனுபவமாகக் கணக்கில் எடுத்து அரசு ஓர் ஆணை பிறப்பிக்கட்டும்.