ஒரு குழந்தையின் தலையில் ஒரு மொழி

2013 ஜூனில் கிரிசெல்டா கிறிஸ்டினா என்ற மூதாட்டி கனடாவில் 103 வயதில் இறந்தார். லிவோனியத்தைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி ஆள் போய்விட்டார் என்று செய்திகள் வந்தன. சில வருடங்கள் கழித்து லாத்வியாவில் ஓர் இளம் தம்பதி, தங்களுக்கே தாய்மொழியாக வாய்க்காத அந்த மொழியில் தங்கள் குழந்தையை வளர்க்க ஆரம்பித்தார்கள். படித்ததும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் உறுத்தியது. கூட விளையாட, சண்டைபோட, ரகசியம் பேச இன்னொரு குழந்தை இல்லாத மொழியை ஒரு குழந்தைக்குக் கொடுக்கலாமா?

தாய்மொழியை யாரும் கேட்டு வாங்கிப் பிறப்பதில்லையே என்று ஒரு பதில் உண்டு. சரிதான். தவிர, அது தெருவில் லாத்வியமும் பேசும், தனித்துப்போகாது. என் உறுத்தல் வேறு. மற்ற பிள்ளைகள் பசிக்குது என்றால் சாப்பாடு வரும். இந்தப் பிள்ளை சொன்னால் ஓர் இனமே உயிர்த்துவிட்டதாகக் கட்டுரை வரும். (இதோ, இன்னொன்று.)

இவ்வளவு பாரம் எங்கிருந்து வந்தது? லிவோனியர்கள் மீனவர்கள். எஸ்தோனிய மொழிக்கு நெருங்கிய உறவான அவர்கள் மொழி, இருபதாம் நூற்றாண்டில் லாத்வியாவின் வடமேற்கு ஓரத்தில் பன்னிரண்டு கடற்கரை ஊர்களில்தான் மிஞ்சியிருந்தது. 1923இல் சங்கம் அமைத்தார்கள். அவர்கள் கொடியில் பச்சை, வெள்ளை, நீலம்: காடு, மணல், கடல். படகிலிருந்து கரையைப் பார்க்கிறவனின் கொடி! 1939இல் மஸிர்பே ஊரில் பின்லாந்து, எஸ்தோனியா, ஹங்கேரி உதவியோடு ஒரு சமுதாயக்கூடமும் எழுந்தது. உடனே போர். அதன்பின் சோவியத் அரசு அந்தக் கரையை எல்லைக்காவல் பகுதியாக்கியது. கடலுக்குப் போகக் கட்டுப்பாடு, கரையில் ராணுவம். ஜனங்கள் பிழைப்புத் தேடிச் சிதறினார்கள். மஸிர்பே காட்டுக்குள் கைவிடப்பட்ட படகுகள் மட்கிக் கிடக்கின்றன. கடலுக்கே போகாத வீட்டில் வலைக்கும் காற்றுக்கும் அத்தனை சொற்கள் எதற்கு? மொழி ஏற்கெனவே சிறுத்துத்தான் இருந்தது, லாத்வியர்களோடு கலப்பும் நடந்தது. ஆனாலும் அதை வெறும் மறதி என்று என்னால் சொல்ல முடியாது. பேசுவதற்கான இடத்தையே பிடுங்கிவிட்டார்கள்.

அரசுகள் பறித்ததை அரசுகள்தான் ஈடுகட்ட வேண்டும். லாத்வியாவின் 1999 மொழிச் சட்டம் லிவோனியத்தைப் பூர்வகுடிகளின் மொழியென ஏற்று, காக்கும் பொறுப்பை அரசுக்குத் தருகிறது. 2018இல் லாத்வியப் பல்கலைக்கழகத்தில் அதற்கென ஓர் ஆய்வு நிறுவனமும் வந்தது. தாமதம்தான், ஆனால் கணக்கு கேட்க வேண்டிய இடம் அதுதான். அந்தப் பெற்றோரை நான் குறைசொல்ல மாட்டேன். அவர்கள் தங்களுக்குப் பிடித்த ஒன்றைப் பிள்ளைக்கு ஊட்டுகிறார்கள், அவ்வளவுதான். பயம் நம்மைப் போன்ற பார்வையாளர்களைப் பற்றி. பதினைந்து வயதில் அம்மா லிவோனியத்தில் கூப்பிட, அந்தப் பிள்ளை உள்ளே இருந்து லாத்வியத்தில் “வரேன்மா” என்று கத்தலாம். அப்போது யாரும் அதைக் குறிப்பெடுத்துக்கொண்டு வாசலில் நிற்கக் கூடாது.