மூன்றாவது குவளை

வீட்டை விட்டுப் புறப்படுவதையே பயணம் என்று நாம் சொல்லி வந்திருக்கிறோம். வீட்டையும் கூடவே கொண்டு புறப்படுகிறவர்களை என்னவென்று சொல்வது? ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இத்தகையோர் இலட்சக்கணக்கில் உள்ளனர். படுக்கை, அடுப்பு, கழிவறை, தண்ணீர்த் தொட்டி யாவும் ஒரே வண்டிக்குள் அடங்கிவிடுகின்றன. மோட்டார்ஹோம் என்பது அதன் பெயர். நம்மவர்க்குக் கேரவன் என்றால் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான் நினைவுக்கு வரும். அங்கோ, பணி ஓய்வு பெற்ற தம்பதியர் பலர் அதில்தான் நாடு சுற்றுகிறார்கள். நாம் அதனை வீட்டு வண்டி என்றே இங்கு அழைப்போம்.

வீட்டு வண்டிக்காரர்கள் கூடினால் ஓயாது பேசும் பொருள்களுள் ஒன்று, நல்ல காப்பி. வழியில் கிடைப்பதைக் குடித்துவிட்டுப் போகலாமே, இதற்கு ஏன் இத்தனை பேச்சு என்று நமக்குத் தோன்றலாம். ஆனால், அந்தப் பேச்சுக்குள் ஓர் அறக்கேள்வி ஒளிந்திருக்கிறது. தனக்கு வேண்டிய அனைத்தையும் தானே சுமந்து செல்லும் மனிதன் பிறரிடமிருந்து விடுதலை பெறுகிறானா, அல்லது பிறரை இழக்கிறானா?

முதலில் காப்பியையே எடுத்துக்கொள்வோம். வீட்டில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது (லாரிக்குக் காத்திருக்கும் சென்னைவாசிகள் மன்னிப்பார்களாக). வண்டியிலோ ஒவ்வொரு லிட்டரும் ஒரு கிலோ எடை. 100 லிட்டர்த் தொட்டி நிறைந்திருந்தால் ஓர் ஆளுக்கு மேற்பட்ட பாரம் ஏறிவிட்டது என்று பொருள். தொட்டியின் பிளாஸ்டிக் வாடையும் குளோரின் வாடையும் காப்பியில் தெரியும். ஆகவே, விவரம் அறிந்தவர்கள் காப்பிக்கென்றே நல்ல தண்ணீரைத் தனிக் கேனில் வைத்திருப்பர். மின்சாரம் இன்னும் அரிது. கடைகளில் உள்ளது போன்ற 1,500 வாட் இயந்திரத்தை 12 வோல்ட் பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர் வழியாக இயக்க வேண்டுமானால், அது குறைந்தது 125 ஆம்பியர் இழுக்கும். இரவு விளக்குக்கும் குளிர்ப்பெட்டிக்கும் சேமித்து வைத்ததைக் காலைக் காப்பி குடித்துவிடும்.

எனவே, அடுப்பைத்தான் நம்ப வேண்டும். அதிலும் பியூட்டேன் வாயு உறைபனிக் குளிரில் ஆவியாக மறுத்துவிடும். குளிர் நாட்டார் புரோப்பேனை நாடுவது இதனால்தான். அடுப்பை மூட்டியதும் கூரைச் சாளரத்தைத் திறந்தாக வேண்டும். மூடிய சிற்றறையில் எரியும் சுடர் கார்பன் மோனாக்சைடு என்னும் நஞ்சைச் சேர்த்துவிடக்கூடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மலை ஏறினால் வேறொரு கணக்கு. இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாய் 2,750 மீட்டருக்கும் மேற்பட்ட உயரம். அங்கே தண்ணீர் ஏறத்தாழ 91 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடும். தேநீர்ப் பிரியருக்கு அது போதாது, காப்பிக்குப் போதும். கொட்டையைக் கையால் அரைக்க ஓரிரு நிமிடங்கள் ஆகும். முன்பே அரைத்து வைத்த தூள் நாளுக்கு நாள் மணம் இழப்பதால், அந்த உழைப்பையும் சிலர் விரும்பி ஏற்கிறார்கள். குடித்து முடித்த பின் சக்கையைக் கழுவுதொட்டியில் கொட்டலாகாது, அடைத்துக்கொள்ளும். கழுவிய தண்ணீரும் எங்கும் மறைந்துவிடுவதில்லை. வண்டியின் அடித்தொட்டியில் சேர்ந்து நம்மோடே பயணம் செய்கிறது. அதற்கென ஒதுக்கிய இடத்தில்தான் திறந்துவிட வேண்டும்.

இவ்வளவையும் விரித்துரைக்கக் காரணம் உண்டு. வீட்டில் ஒரு குவளைக் காப்பியின் விலை என்னவென்று நமக்குத் தெரிவதில்லை. தண்ணீர் எங்கிருந்தோ வருகிறது, அழுக்கு எங்கோ போகிறது. வண்டியிலோ வருவதும் போவதும் கண்முன்னே நிற்கின்றன. ஆகவே, அங்கே நல்ல காப்பிக்காக ஒருவர் மெனக்கெடுவதை வெறும் நாவின் ஆசை என்று தள்ளிவிட நாம் ஒப்பமாட்டோம். தம்மிடம் உள்ளது இவ்வளவே என அறிந்து, அந்த அளவுக்குள் ஒன்றைச் செம்மையாகச் செய்வது அக்கறையின் பாற்பட்டது. கூடவே, தன்னிறைவு என்ற பெருமிதமும் அங்கே கரைந்துபோகிறது. எவரையும் சாராமல் வாழ்கிறோம் என்பவரின் தொட்டி சில நாள்களில் வற்றுகிறது. கொட்டையோ எத்தியோப்பியாவிலோ பிரேசிலிலோ யாரோ பறித்தது. சார்ந்திராத மனிதர் என்று எவரும் இல்லை. சாய்ந்திருக்கும் தோள்களை மறந்த மனிதர்கள்தாம் உண்டு.

வண்டிக்காரர்கள் பெரிதும் விரும்பும் சாதனங்கள் இரண்டு. ஏரோபிரஸ் என்பது அமெரிக்கரான ஆலன் ஆட்லர் 2005-இல் சந்தைக்குக் கொணர்ந்த பிளாஸ்டிக் குழல். ஊசி மருந்துக் குழலைப் பெரிதாக்கினாற்போல் இருக்கும். இலேசானது, உடையாதது. சக்கை வில்லையாக வெளியே விழுந்துவிடுவதால் கழுவவும் தண்ணீர் அதிகம் வேண்டாம். வண்டிக்கென்றே பிறந்தது எனலாம். ஆனால், அது ஒருவருக்கு ஒரு குவளை தருவதற்கென்றே உருவானது. மற்றொன்று, இத்தாலியின் பீட்மாண்ட் பகுதியில் அல்போன்சோ பியலெட்டி 1933-இல் உருவாக்கிய மோக்கா. எட்டுப் பட்டை கொண்ட அலுமினியப் பாத்திரம். அதனை உலகறியச் செய்த அவர் மகன் ரெனாத்தோ 2016-இல் மறைந்தபோது, அவரது அஸ்தியைப் பெரியதொரு மோக்காவிலேயே இட்டு அடக்கச் சடங்கு நிகழ்ந்தது. இந்த மோக்காவுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. மூன்று குவளைப் பாத்திரத்தில் ஒரு குவளைக்கு மட்டும் தூளும் தண்ணீரும் இட்டால் காப்பி கெட்டுவிடும். வடிகூடையை நிரப்பியே ஆக வேண்டும். தனியே இருப்பவர் ஒன்று சிறிய பாத்திரம் வாங்க வேண்டும், அல்லது யாரையேனும் அழைக்க வேண்டும். (நமது பித்தளை வடிகட்டியும் இந்த இனத்ததே. ஆனால், ஓடும் வண்டியில் அது நிற்காது. டிகாக்‌ஷன் இறங்கும்வரை பொறுத்திருக்கவும் வேண்டும்.)

அழைப்பதைப் பற்றிப் பேசும்போது ஜான் ஸ்டைன்பெக் நினைவுக்கு வருகிறார். தம் நாட்டு மக்களை மறந்துவிட்டோமோ என்ற கலக்கத்துடன் 1960-இல், 58 வயதில், நாய் ஒன்றைத் துணையாகக் கொண்டு அவர் அமெரிக்காவைச் சுற்றப் புறப்பட்டார். சரக்குந்தின் மேல் பொருத்திய அந்தச் சிறு வீட்டுக்கு, தோன் கிஹோத்தேயின் குதிரையான ரோசினாந்தேயின் பெயரையே சூட்டினார். காப்பி தெளிவாக வர முட்டையின் வெண்கருவையும் ஓட்டையும் கெண்டியில் இடுவதுண்டு என்று தம் பயண நூலில் எழுதியிருக்கிறார். வழியில் கண்டவர்களை வண்டிக்குள் அழைத்து உபசரித்ததையும் எழுதியிருக்கிறார். அந்நூலில் கற்பனை மிகுதி என்றும், பல இரவுகளை அவர் விடுதிகளில் கழித்தார் என்றும் பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள் காட்டினர். இருக்கட்டும். அண்டி வாழும் அவசியமே இல்லாத வண்டியில் புறப்பட்ட ஒருவர், தமக்கு விருந்தினர் தேவை என்று உணர்ந்தாரே, நமக்கு அதுவே பெரிதாகப் படுகிறது.

வள்ளுவர் விருந்தோம்பலை இல்லறவியலில் வைத்தார். இல்லம் உடையவர்க்கே அந்தக் கடமை. துறவிக்கு அது விதிக்கப்படவில்லை. அப்படியானால், சக்கரம் கட்டிய இல்லத்துக்கும் அக்கடமை உண்டா? உண்டு என்றே நாம் கருதுகிறோம். அடுப்பை ஏற்றிக்கொண்டவர் வெறும் வழிப்போக்கர் அல்லர்; இல்லறத்தாரே. எடைக்கு அஞ்சி, இருவர் செல்லும் வண்டியில் இரு குவளைகளே வைப்போர் உண்டு. மூன்றாவது குவளை மிஞ்சினால் 300 கிராம் இருக்கும். அதை ஏற்றலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும்போது, எத்தகைய பயணம் என்பதும் முடிவாகிவிடுகிறது. வேளாங்கண்ணிக்கு வேன் பிடித்து, அடுப்பும் பாத்திரமுமாகச் செல்லும் நம் குடும்பங்களில் இந்தக் கணக்கை எவரும் போடுவதில்லை. வழியோர மரத்தடியில் சமைத்தால் பக்கத்து வேன்காரருக்கும் ஒரு கை போகும்.

மறுபக்கமும் உண்டு. ஆண்டுக்கணக்கில் நோயாளியைப் பேணிக் களைத்தவர், கூட்டத்தில் உழன்று சலித்தவர், எவர் முகமும் பாராத ஒரு விடியலைத் தேடி வண்டியேறியிருக்கலாம். ஏரி ஓரத்தில் அவர் தனியே அருந்தும் ஒரு குவளையைக் குறை கூற நமக்கு மனமில்லை. தனிமையும் ஒரு தேவையே.

நம்மைக் கவலைகொள்ளச் செய்வது வேறொன்று. கொடுப்பதைக் காட்டிலும் பெறுவது கடினம். எல்லாம் உடையவருக்கு எவரும் எதையும் கொடுக்க இயலாது. இத்தாலியச் சிற்றூர் ஒன்றின் ஓரமாக வண்டியை நிறுத்தி, தன் ஊர்ச் சந்தையில் வாங்கிய தூளில் அருமையாகக் காப்பி கலந்து குடித்துவிட்டு மறுநாள் கிளம்புகிறவர், அந்த ஊரைப் பார்த்தார். அந்த ஊர் அவரைப் பார்த்ததா? சதுக்கத்துக் கடையிலோ காப்பி சிறு குப்பியில் இரண்டு மடக்குதான். உள்ளூரார் நின்றபடியே குடித்து, ஒரு சொல் பேசி, நகர்வார்கள். நேப்பிள்ஸ் நகரில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. ஒருவர் இரண்டு காப்பிக்குப் பணம் தந்து ஒன்றை மட்டும் குடிப்பார். மற்றொன்று, பின்னால் கேட்டு வரும் ஏழைக்காகக் கணக்கில் நிற்கும். அந்நகருக்குப் போகிற வீட்டு வண்டிக்காரர், தம் மோக்கா எவ்வளவு சிறந்ததானாலும், அன்று காலை அடுப்பை மூட்டாமல் கடைக்கு நடந்துபோய் அந்த மேடையருகே நின்று வரலாம்.